பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உங்கள் உரிமைகள்

வயது வந்தபின் கத்தோலிக்கத் திருச்சபையில் சேருகிற பலருக்கு, செபமாலையோ பூசையோ பெரிய தயக்கம் தருவதில்லை. பாவசங்கீர்த்தனம் என்றதும்தான் வயிற்றைக் கலக்கும். முப்பது, நாற்பது வருட வாழ்க்கையை ஒரு சாமியாரிடம் கொட்ட வேண்டுமா, அவர் யாரிடமாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது, மறுநாள் தெருவில் பார்த்தால் எந்த முகத்தோடு நிற்பது என்ற கேள்விகளை வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சம். மறைக்கல்வி சொல்லித் தருபவரும் கடமைகளை வரிசையாகச் சொல்வார், உரிமைகளைச் சொல்வதில்லை. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்போ இந்தப் பயங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே திருமுழுக்கு ஆகியிருக்கிறதா, இல்லையா? இதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

இந்துவாகவோ இஸ்லாமியராகவோ மதம் எதுவும் இல்லாமலோ இருந்து வருகிறவர் என்றால், திருமுழுக்குக்கு முன் பாவசங்கீர்த்தனம் கிடையாது. அதுவரை செய்த பாவம் எதுவாக இருந்தாலும், களவோ கருக்கலைப்போ, திருமுழுக்கிலேயே போய்விடுகிறது என்பதுதான் திருச்சபையின் போதனை. திருமுழுக்குப் பெறாதவருக்கு மற்ற அருட்சாதனங்கள் செல்லாது என்கிறது சட்ட எண் 842. ஆகவே பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் வாங்கப்போகிறவரிடம் ‘அதற்கு முன் ஒருமுறை பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடு’ என்று யாராவது சொன்னால், அது தவறு. பங்குத்தந்தையிடம் மனம்விட்டுப் பேசலாம், அது நல்லதும்கூட. ஆனால் அது அருட்சாதனம் அல்ல என்பதால், பின்னால் சொல்லப்போகும் இரகசிய முத்திரை அந்தப் பேச்சுக்கு இல்லை.

சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளிலிருந்து வருகிறவர் கதை வேறு. தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலும் கொடுக்கப்பட்ட திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, மறுபடி கொடுக்காது. விசுவாச அறிக்கை செய்து முழு உறவுக்குள் ஏற்கப்படுவார். அந்த நாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் உண்டு. அதில் சொல்ல வேண்டியது திருமுழுக்குக்குப் பிறகு செய்தவை. பெந்தெகொஸ்தே குழுக்கள் சிலவற்றில் ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் கொடுக்கப்படுவது ஏற்கப்படுவதில்லை. சந்தேகம் இருந்தால் நிபந்தனையோடு திருமுழுக்குக் கொடுப்பார்கள். பழைய சபையின் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடி எடுத்து முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். கடைசி வாரத்தில் கிளம்பும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்தக் காகிதத்தால்தான்.

இனி, என்ன சொல்வது? இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. தமிழில் அச்சேறிய தொடக்ககால நூல்களில் ஒன்று, 1580-ல் கொச்சியில் அச்சான ‘கொம்பெசியோனாயரு’. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் கையேடு அது. எழுதியவர் அன்றீக்கு அடிகளார் என்று நாம் அறிந்த போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்று அரை நூற்றாண்டுகூட ஆகாத காலம். புதிதாக வந்தவருக்கு முதலில் வேண்டியது இந்த வழிகாட்டி என்று அன்றே அச்சுக்கூடத்துக்குத் தெரிந்திருந்தது. இன்று ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம்கூட இல்லாத பங்குகள் இருக்கின்றன.

கட்டாயம் சொல்ல வேண்டியவை சாவான பாவங்கள் மட்டும்: பெரிய விஷயமாக இருக்க வேண்டும், அது தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே முழுமனதோடு செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால், என்ன பாவம், ஏறக்குறைய எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும். ‘கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம், அடிக்கடி’ என்றால் போதும். கணக்குப் புத்தகம் யாரும் கேட்கவில்லை. அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, கட்டாயம் இல்லை. சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவர் ‘இத்தனை ஞாயிறும் பூசை காணவில்லை’ என்று வருந்த வேண்டியதில்லை. திருச்சபை தானாக வகுத்த சட்டங்கள் கத்தோலிக்கர் அல்லாதவரைக் கட்டுப்படுத்தாது. மறந்துபோனது மன்னிப்பில் அடங்கிவிடும், நினைவு வந்தால் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால்தான் முழுதும் வீணாகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிறர் செய்த கொடுமை உங்கள் பாவம் அல்ல. சிறுவயதில் பாலியல் துன்பத்துக்கு ஆளானவர்கள், கணவனிடம் அடிவாங்குகிறவர்கள், அதைத் தங்கள் பாவக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வந்து நிற்பதுண்டு. அதைச் சொல்லி அழலாம், தவறில்லை. ஆனால் தொட்டிக்குள் சொன்னால் அதன்மேல் குருவானவரால் வெளியே ஒரு நடவடிக்கையும் எடுக்க முடியாது. உதவி வேண்டும் என்றால் அதே விஷயத்தைத் தொட்டிக்கு வெளியே, அவரிடமோ வேறு நம்பிக்கையானவரிடமோ சொல்லுங்கள்.

நடைமுறை எளிது. குருவானவர் கழுத்தில் ஊதா நிறப் பட்டையோடு உட்கார்ந்திருப்பார். பழைய கோவில்களில் மரத்தொட்டி. நடுவில் துளைத்தட்டி, அதன் இந்தப் பக்கம் முழங்கால் பலகை. காதை மட்டும் தட்டிப் பக்கம் சாய்த்திருப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். புதிய கோவில்களில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டிருக்கலாம். ‘ஃபாதர், வயசு வந்து சேர்ந்தவன் நான், இதுதான் முதல் தடவை, எனக்கு முறை தெரியாது’ என்று தொடங்குங்கள். அதன்பிறகு வழிநடத்துவது அவர் பொறுப்பு. மனஸ்தாப மந்திரம் மனப்பாடம் ஆகவில்லையென்றால் அட்டையைப் பார்த்து வாசிக்கலாம். மன்னிப்பு வாக்கியம் சொல்லும்போது உங்கள் தலைக்கு நேரே கையை நீட்டுவார். அதற்குமேல் தொடுவதற்குச் சடங்கில் எந்த வேலையும் இல்லை.

வாழ்நாள் கணக்கோடு போகிறவர் சனிக்கிழமை மாலை வரிசையில் நிற்காதீர்கள். பின்னால் இருபது பேர் காத்திருக்கும்போது உங்களுக்கும் அவருக்கும் நிம்மதி இருக்காது. தவக்காலத்தின் முதல் வாரத்திலேயே தனியாக நேரம் கேட்டு வாங்குங்கள். குறிப்பு எழுதிக்கொண்டு போகலாம். போனில் வேண்டாம், காகிதத்தில் எழுதி, வந்ததும் கிழித்துவிடுங்கள். முதல் திருமணம் முறிந்து இரண்டாவது துணையோடு வாழ்கிறவர் என்றால், பாவசங்கீர்த்தனத்துக்கு முன்பே அதைப் பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசுங்கள். மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் வரை போகிற விஷயம் அது, தொட்டிக்குள் பத்து நிமிடத்தில் தீராது.

யாரிடம் செய்வது என்பது உங்கள் விருப்பம். பங்குத்தந்தையிடம்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்த குருவிடம்கூடப் போகலாம் என்கிறது சட்ட எண் 991. சின்ன ஊரில் தட்டி இருந்தும் பயனில்லை. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ போய், முகம் தெரியாத குருவிடம் சொல்லிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அது ஏமாற்றுவேலை அல்ல. தட்டி வைத்த தொட்டி, ஆட்கள் பார்வை படும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும், தகுந்த காரணம் இல்லாமல் வேறு இடத்தில் கேட்கக் கூடாது என்றும் சட்டமே சொல்கிறது (எண் 964). ஆகவே ‘எனக்குத் தட்டி வேண்டும்’ என்று கேட்கப் பெண்கள் தயங்க வேண்டாம். கதவடைத்த அறைக்கு, அதுவும் இரவு நேரத்தில், அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்கக் குருவுக்கு உரிமை உண்டு, ஆனால் விவேகத்தோடு. உடன் பாவம் செய்தவரின் பெயரைக் கேட்கக் கூடாது (எண் 979). ‘யாரோடு, எந்த வீட்டுப் பெண்’ என்று தோண்டினால் ‘அதைச் சொல்ல வேண்டியதில்லை ஃபாதர்’ என்று நிறுத்திக்கொள்ளலாம். எழுந்து வந்து வேறு குருவிடமும் போகலாம். கொடுத்த பரிகாரம் செய்ய முடியாததாக இருந்தால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேளுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்குக் கட்டணம் கிடையாது. கருக்கலைப்புப் பாவத்துக்கு ஆயரிடம்தான் போக வேண்டும் என்று இன்னும் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்.

இரகசிய முத்திரைக்கு விதிவிலக்கே இல்லை. சொல்லாலோ சாடையாலோ எந்தக் காரணத்துக்காகவும் காட்டிக்கொடுக்கக் கூடாது (எண் 983). நேரடியாக மீறுகிற குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். கேட்டதை வைத்து உங்களுக்குப் பாதகமாக நடப்பதும், அதாவது வேலையிலிருந்து எடுப்பது, பாடகர் குழுவிலிருந்து விலக்குவது போன்றவையும், தடைசெய்யப்பட்டவை. ஆனால் இந்த முத்திரை குருவின் காதில் சொன்னதற்கு மட்டும். வேதியரிடமோ அன்பியக் கூட்டத்திலோ செபக்குழுத் தலைவரிடமோ சொன்னது பாவசங்கீர்த்தனம் ஆகாது. எழுந்து நின்று சாட்சி சொல்லும் சபைகளிலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உங்கள் பாவத்தைக் கூட்டத்தில் சொல்லச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. போனிலும் வாட்ஸ்அப்பிலும் பாவசங்கீர்த்தனம் செல்லாது.

நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமும், அதற்கு முந்தைய 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும், கணவன் மனைவி பேச்சுக்கும் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் பாதுகாப்புத் தருகின்றன; குருவிடம் சொன்னதற்கென்று தனிப் பிரிவு இல்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் எவரும் புகார் செய்ய வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். அதிலும் குருக்களுக்கு விலக்கு இல்லை. திருச்சபைச் சட்டம் சொல்லாதே என்கிறது, நாட்டுச் சட்டம் சொல் என்கிறது. இந்த முரண் இன்னும் தீரவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: பாவசங்கீர்த்தனத்தில் கிடைக்கும் மன்னிப்பு குற்றவழக்கிலிருந்து விடுதலை அல்ல. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று குருவானவரே சொல்வார்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் பதிவேடு கிடையாது; திருமுழுக்குக்கு உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தத் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தபோது, திருமுழுக்குப் பெற்றதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இது நியாயமா என்பது வேறு விவாதம். சாதிச் சான்றிதழ் விஷயத்தில் மனசாட்சி உறுத்தினால் தொட்டியில் சொல்லுங்கள். சட்ட வழி என்ன என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

முறைகேடு நடக்காது என்று சொல்ல முடியாது. 2018-ல் கேரளத்தில், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்து மிரட்டித் தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைக் குருக்கள் சிலர்மீது ஒரு பெண் புகார் கொடுத்தார். தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து எதிர்த்தது. ஒழிப்பதால் தீரும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே போகிறவருக்குத் தன் உரிமை தெரிந்திருந்தால் மிரட்டுகிறவன் முதல் வார்த்தையிலேயே மாட்டுவான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், முத்திரை குருவை மட்டும் கட்டுகிறது, உங்களை அல்ல. பாலியல் நோக்கோடு பேசினாலோ, கேட்டதை வைத்து மிரட்டினாலோ நீங்கள் தாராளமாக வெளியே சொல்லலாம். தொட்டிக்குள் நடப்பதைப் போனில் பதிவு செய்யாதீர்கள், அதுவே திருச்சபைச் சட்டத்தில் குற்றம். வெளியே வந்ததும் தேதி, நேரம், பேசியது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மறைமாவட்ட ஆயருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது 2019-ல் வந்து 2023-ல் நிரந்தரமான வத்திக்கான் விதி. மிரட்டலும் பாலியல் தொல்லையும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றங்களே. ஆயரின் பதிலுக்காகக் காத்திருக்காமல் காவல்துறைக்குப் போகலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பொய்ப்புகாரையும் திருச்சபைச் சட்டம் கடுமையாகவே பார்க்கிறது. அதை முறைப்படி திரும்பப் பெறாதவரை அந்தப் பாவத்துக்கு மன்னிப்பு இல்லை.

பங்குத்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். பாவசங்கீர்த்தனத்துக்கு வசதியான நாளும் நேரமும் குறித்து வைப்பது சட்ட எண் 986 உங்கள்மேல் வைத்திருக்கும் கடமை. அதைக் கோவில் வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள், பக்கத்து ஊர்க் கோவில்களின் நேரத்தையும் சேர்த்து. வயது வந்தோர் வகுப்பில் ஒரு மணி நேரத்தை இந்த உரிமைகளைச் சொல்வதற்கென்று ஒதுக்குங்கள்.