18 வயதுக்குப் பின் யார் கையெழுத்து?

படிக்கிற வயதில் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் உண்டு, வட்டார வள மையத்தின் பதிவேட்டில் பெயர் உண்டு. 18 வயதானதும் இவை நின்றுபோகின்றன. அன்றைக்கே இன்னொன்றும் போகிறது. பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுகிற உரிமை! இது பல பெற்றோருக்குத் தெரியாது.

18 வயதுவரை தாய் தகப்பன்தான் இயற்கையான பாதுகாவலர். அதன்பின், ஒரு சொல் பேச வராத பிள்ளையானாலும் சட்டத்துக்கு அவன் தனி ஆள். வங்கியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ அப்பாவின் கையெழுத்தை ஏற்க மாட்டார்கள். இதற்கு வழி சொல்வது 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூவர் கொண்ட உள்ளூர் மட்டக் குழு, பாதுகாவலரை நியமித்துச் சான்று தருகிறது. பெற்றோர் விண்ணப்பிக்கலாம், உறவினரும் விண்ணப்பிக்கலாம்.

இந்தச் சட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது அது கேட்கும் கேள்விகளை. இவருக்குப் பாதுகாவலர் உண்மையிலேயே தேவையா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு முதலில் பார்க்க வேண்டும். நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் அசையாச் சொத்து விவரத்தையும், பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். சொத்தைச் சுரண்டினாலோ கவனிக்காமல் விட்டாலோ அவரை நீக்கவும் இடமிருக்கிறது. "பங்காளி ஏமாத்திட்டா என்ன பண்றது?" என்று பயப்படுகிற தாய்க்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைக்கு வருவோம். எதிர்காலத் திட்டம் என்றால் நகரத்தில் வைப்புநிதி, காப்பீடு, வீடு என்பார்கள். மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்குச் சொத்து என்பது சாமையும் மரவள்ளியும் விளைகிற துண்டு நிலம். அதில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிடைத்த பட்டா, வாரிசுகளுக்குப் போகும். ஆனால் விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. ஏமாற்றிக் கைரேகை வாங்கி இந்த நிலத்தை எழுதிக்கொள்ளச் சட்டப்படி யாராலும் ஆகாது என்பதால், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'அவனுக்கு எதுக்கு, ஒண்ணும் தெரியாதே' என்று வாரிசுச் சான்றிதழில் அவன் பெயரையே விட்டுவிடுவது. அவன் பெயரும் அதில் ஏறியாக வேண்டும், தாயே, தகப்பனே. அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிலம் இருந்தாலும் கூட இருக்க ஆள் வேண்டும். பிழைப்புக்காகப் பெற்றோர் கேரளம், கர்நாடகம் என்று மாதக்கணக்கில் தோட்ட வேலைக்குப் போகும்போது பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது. பாட்டிக்கு அடுத்தவர் யார் என்பதை இப்போதே பேசி வைக்க வேண்டும்.

இங்கே அமெரிக்காவின் டொனால்ட் டிரிப்லெட்டைச் சொல்லத் தோன்றுகிறது. லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியாக வரையறுக்கப்பட்டது. அதில் முதல் பிள்ளை டொனால்ட். சிறுவயதில் அவனை ஒரு பண்ணைத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். அளப்பதிலேயே அவன் மனம் கிடந்தது. கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். பின்னாளில் சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், பெற்றோர் போன பிறகும் அதே வீட்டில் வாழ்ந்தார், 2023-இல் 89 வயதில் இறந்தார். அந்தக் கட்டுரையின் பிள்ளைகளில் அரசு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் முடங்கிப்போனதை 1971-இல் கானரே எழுதினார். டொனால்டின் குடும்பம் வசதியானது, உண்மைதான். ஆனால் அந்தப் பண்ணைத் தம்பதி செய்ததற்குப் பணம் தேவைப்படவில்லை. கடுக்காய் தரம் பிரிப்பது, ஆடு எண்ணி அடைப்பது, களத்தில் தானியம் அளப்பது எல்லாம் கல்வராயனிலும் அன்றாட வேலைகள். 10 வயதில் பழக்கினால் 30 வயதில் அது அவனுடைய வேலையாகிவிடும். ஊரும் அவனை அந்த வேலையால் அறியும்.

உதவிகளும் உண்டு. நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய்வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும். வெளிநோயாளிச் சிகிச்சையும் பயிற்சியும்கூட அதில் அடக்கம். ஊனச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாமல் எதுவும் நகராது.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை ஆட்சியரைப் பார்க்க மலைமக்கள் விழுப்புரம் போனார்கள். இப்போது தூரம் குறைந்திருக்கிறது. ஆனாலும் கூட்டமும் இரைச்சலும் தாங்காத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, வளைந்து இறங்கும் மலைப்பாதையில் பேருந்தேறி வந்து, ஒரு கையெழுத்துக்காக நாள் முழுதும் காத்திருப்பது கொடுமை. கூலியும் போகிறது.

உள்ளூர் மட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, முன்பே தேதி அறிவித்து, மலைமேலுள்ள வெள்ளிமலையில் கூட வேண்டும். மருத்துவக் குழுவும் அன்றைக்கே வந்தால் சான்றும் அங்கேயே முடியும். மாவட்ட நிர்வாகத்திடம் இதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன். வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருக்கிறவர்கள் அதுவரை காத்திருக்காமல், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பாதுகாவலர் விண்ணப்பத்தை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.