தாயிழந்த நாய்க்குட்டிகளைப் பேணும் முறை

பட்டியையும் களத்தையும் காத்துவந்த நாய், குட்டிகளை ஈன்ற சில நாட்களில் இறந்துவிடின், அக்குட்டிகளைக் கைவிடுதல் தகாது. முதற்கண் தாய் இறந்த காரணத்தை ஆராய்தல் வேண்டும். வெறிநோய் என்னும் ஐயம் சிறிதளவு இருப்பினும், குட்டிகளைத் தொடாது கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

இளங்குட்டிகளைப் பசியினும் குளிரே விரைவிற் கொல்லும். ஆகவே, சாக்கு விரித்த கூடையின் ஓரத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை வைத்து, முதல் வாரத்தில் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவச் செய்க. உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரியாது. சூடேறிய பின்னரே புகட்டுக.

நாய்ப்பாலினும் பசும்பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு. எனவே, நீர் கலவாத பாலைக் காய்ச்சி ஆற்றி, முட்டையின் மஞ்சட்கருவைச் சேர்த்து, வெதுவெதுப்பாக 2 அல்லது 3 மணிக்கு ஒருமுறை இரவிலும் கொடுத்தல் வேண்டும். குட்டியைக் குப்புற வைத்தே புகட்டுக. மல்லாத்தினால் பால் நுரையீரலுள் புகக்கூடும். பின்னர் ஈரத்துணியால் அடிவயிற்றையும் பின்புறத்தையும் மெல்லத் துடைத்தாலன்றி மலமும் சிறுநீரும் கழியா. தாய் நாவால் நக்கிச் செய்யும் பணி இதுவே.

கண் திறக்க 10 முதல் 14 நாட்களாகும். 4ஆம் வாரத்தில் பாற்சோறு பழக்கலாம். 3ஆம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுதல் இன்றியமையாதது. இதனை ஊரார்க்கு நினைவூட்டுதல் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.