செல்லப்பிராணிக்கு இரையாகக் கரப்பான் வளர்ப்பு: கொச்சி போன்ற வெப்ப நகரங்களில் கூடுதல் கவனம் தேவை

கொச்சி: சிறுத்தைப் பல்லி, தாடி ஓணான் போன்ற ஊர்வனவற்றுக்கு இரையாக, 'டூபியா' எனப்படும் தென் அமெரிக்கக் கரப்பான் பூச்சிகளை வீட்டிலேயே பெருக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது.

வீடுகளில் பிடிபடும் கரப்பான்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கலாம் என்பதால் அவை இரைக்கு உகந்தவை அல்ல. வழுவழுப்பான பிளாஸ்டிக் பெட்டியின் சுவரில் டூபியாவால் ஏற முடியாது. முட்டை அட்டைகள், காய்கறித் துண்டுகள், சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஆகியவை இருந்தால் அது குஞ்சுகளை ஈன்று பெருகும். இரையாகத் தரும் முன் அதன் மீது கால்சியம் தூள் தூவப்படுகிறது.

குளிர் நாடுகளில் செயற்கையாக உண்டாக்கப்படும் இந்த வெப்பம், கொச்சியில் இயல்பாகவே நிலவுகிறது. எனவே தப்பும் பூச்சிகள் வெளியிலும் பெருக வாய்ப்புண்டு. இரைக்காக வளர்க்கப்படும் மற்றோர் இனமான துருக்கிஸ்தான் கரப்பான், 1978-ம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டு, பின்னர் அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் பரவியது.

வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் உட்பட எந்த வழியாகவும் உயிருள்ள பூச்சிகளை இறக்குமதி செய்ய, 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி அனுமதி கட்டாயம். உடும்பு, நட்சத்திர ஆமை ஆகியவற்றை வளர்ப்பது குற்றம். சைட்ஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், 2024-ம் ஆண்டு விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கரப்பான் எச்சம் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடியது. ஆகவே, பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் அணிய வேண்டும். கழிவில் சிறு குஞ்சுகள் மறைந்திருக்கலாம் என்பதால், அதை உறைய வைத்த பின்னரே குப்பையில் சேர்ப்பது பாதுகாப்பானது.