அரணுக்கு அந்தப் பக்கம்

வட்டக்கோட்டை மேல்தளத்தில் ஏறுகிறவர்கள் முதலில் கடலைத்தான் பார்ப்பார்கள். கருங்கல்லில் செதுக்கியிருக்கும் மீனைத் தேடிப் படம் எடுப்பார்கள். நமக்கு வேண்டியது மலைப் பக்கம்.

போன வாரம் குளச்சலில் 1741-ல் பிடிபட்ட டச்சுக் கேப்டன் டிலனாயைப் பார்த்தோம். பிடித்த மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பழக்கி, இந்தக் கோட்டையையும் எடுத்துக் கட்டியவர். கடலோரத்தில் இங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைத்து மலைவரை போனது திருவிதாங்கூரின் தெற்கு அரண். உள்ளே ராஜாவின் ஆணை. வெளியே திருநெல்வேலிச் சீமை.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை பத்மநாபபுரத்தில் அலுவலர், டிலனாயின் நண்பர். வீட்டில் அடிமேல் அடி. மாடுகள் செத்தன, விளைச்சல் போயிற்று. கும்பிட்ட தெய்வம் கைவிட்டதோ என்று கலங்கியவருக்கு டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். ஆடு, மாடு, ஒட்டகம், ஏழு மகன், மூன்று மகள் எல்லாம் ஒரே நாளில் போய், சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் புண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த மனுஷன். ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்கிறார்கள். (துஷ்டி வீட்டில் உட்கார்ந்து ஜாதகம் பேசுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு.) யோபு கடைசிவரை அதை ஒப்பவில்லை. பிள்ளையைப் பிடித்து நிறுத்தியது அந்த இடமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1745 மே 14 அன்று, அரணுக்கு வெளியே வடக்கன்குளத்தில், இயேசு சபைப் பாதிரியார் புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி, சொந்தக்காரர்களுக்குப் பயந்து முதலில் தயங்கினார் என்கிறது மரபு. பிறகு அவரும் ஞானப்பூ ஆனார். தாய்வழித் தறவாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது வெறும் கோயில் மாற்றம் இல்லை. சோறும் சொந்தமும் போகும்.

1749-ல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். 1752 ஜனவரி 14, காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மதத்துக்காக அல்ல, ராஜத்துரோகத்துக்காக என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அந்த வழக்கு 2022-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்த பிறகும் ஓயவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நண்பர் விலங்கில் கிடந்த அத்தனை காலமும் டிலனாய் அதே ராஜாவின் படையில் இருந்தார். காற்றாடிமலையோ, அவர் பலப்படுத்திய அதே எல்லையில்.

யோபுவுக்குக் கடைசியில் ஆடுமாடு இரட்டிப்பாகத் திரும்பும், பிள்ளைகளும் மறுபடி பத்து. செத்த பத்துப் பேரையும் பெற்றவளுக்கு அந்தக் கதையில் பெயர்கூடக் கிடையாது. ஞானப்பூவுக்குப் பெயர் இருக்கிறது. திரும்பக் கிடைத்தது எதுவும் இல்லை. புருஷனின் உடல் அரணுக்கு உள்ளே, கோட்டாறு சவேரியார் கோயிலில். அவர் வெளியே, வடக்கன்குளத்தில். 1766-ல் அங்கேயே கண்ணை மூடினார். நாம் தேவசகாயத்தின் காயங்களை எண்ணி எண்ணிச் சொல்கிறோம். இந்தப் பதினான்கு வருடத்தைப் பற்றி ஒரு வரிக்குமேல் பேசுவதில்லை.

ஞானப்பூ இறந்ததற்கு முந்தைய வருடம்தான், களக்காட்டுச் சண்டையில் டிலனாயின் மகன் இறந்தான். நண்பருக்குச் சொன்ன கதையை அவர் இப்போது தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பா, அம்மா, மகன் மூவரும் கிடக்கும் உதயகிரிக் கோட்டைக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)