'விவசாயி' யார்? ஒரு மானியப் பிரதியை முன்வைத்து

மானியம்னா உழுகிறவனுக்குப் போகிற பணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால், 'விவசாயி' யார் என்பதைக் காகிதம் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் 1933 வேளாண் சரிக்கட்டல் சட்டம், பருத்தி விலையை உயர்த்துவதற்காக, சாகுபடியைக் குறைப்பவருக்குப் பணம் கொடுத்தது. 1934-35 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் நிலச்சொந்தக்காரர். வாரத்துக்கு உழுதவன் பங்கும் அவர் கைவழியாகத்தான் வரவேண்டும். குடிகளின் எண்ணிக்கையைக் குறைக்காதே என்ற ஷரத்தில் 'இயன்றவரை' என்றொரு சொல் இருந்தது. அந்த இடுக்கு வழியே குடும்பங்கள் வெளியே தள்ளப்பட்டன.

ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியில், டைரோன்சா அருகே, 1934 ஜூலையில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடித் தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிரதியின் விளிம்பில் கிடந்தவர்கள் தங்களை 'விவசாயி' என்று தாங்களே எழுதிக்கொண்ட தருணம் இது.

பங்கைக் கொடுக்காமல் ஏமாற்றியவர்களும் உண்டுதான். சட்டத்தை மீறாமலேயே ஒருவனை மண்ணைவிட்டுக் கிளப்ப முடிந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது.