ஏற்ற இறக்கத்தை விற்பவர்கள்

பேங்க்ல வேலை என்று சொன்னால் எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் அடுத்த கேள்வி, நகைக்கடன் வட்டி எவ்வளவு என்பதுதான். நான் பார்ப்பது வேறு வேலை. வொலட்டிலிட்டி ஸ்ட்ரக்சரர், அதிலும் ஜூனியர். சந்தையின் ஏற்ற இறக்கத்தையே ஒரு சரக்காக்கி விற்பதற்கான விதிகளை எழுதுகிறோம். அது என்ன சரக்கு என்று கேட்பவர்களுக்காக இந்தக் குறிப்பு.

ஊர்க் கணக்கிலேயே ஆரம்பிக்கலாம். ஊர்ப் பேரில் பருத்தி இருந்தாலும், பக்கத்துக் காஞ்சிபுரம் முழுக்கப் பட்டுதான். பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் ஏற்றினால் ஜரிகை. அதனால் வெள்ளி விலை ஆடினால் புடவை விலையும் ஆடும்.

மூணு மாசம் கழித்துக் கல்யாணம். ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவைக்கு 50,000 ரூபாய் விலை பேசி, 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி ஏறினால் பேசிய விலைக்கே வாங்கிக்கொள்வார்கள். நன்றாக இறங்கினால், அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று வேறு கடைக்குப் போகலாம். அப்படியென்றால் கடைக்காரர் ஒரு ஆப்ஷனையும் சேர்த்து விற்றிருக்கிறார். அட்வான்ஸ்தான் அதன் பிரீமியம்.

அந்த 2,000 போதுமா? வெள்ளி ஏறுமா இறங்குமா என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. எவ்வளவு ஆடும் என்று தெரிந்தால் போதும். அசையாத விலைக்கு நூறு ரூபாய் அட்வான்ஸே அதிகம். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்களே, அந்த மாதிரி ஒரு ஆட்டம் வரும் என்றால் 2,000 பத்தாது. இந்த ஆட்டத்தின் அளவுதான் வொலட்டிலிட்டி.

பங்குச் சந்தையில் இதை ஒரே எண்ணாகப் பார்க்கலாம். நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, தேசியப் பங்குச் சந்தை 'இந்தியா விக்ஸ்' என்று வெளியிடுகிறது. அடுத்த 30 நாளுக்குச் சந்தை எதிர்பார்க்கும் ஆட்டம், ஆண்டுக் கணக்கில். அதை 16ஆல் வகுத்தால் ஒரு நாளைய ஆட்டம் தோராயமாகக் கிடைக்கும். வருஷத்துக்குச் சுமார் 252 வர்த்தக நாள். அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16. ஆக, விக்ஸ் 16 என்றால் நாளுக்குச் சுமார் 1 சதவீதம்.

எதிர்பார்க்கும் ஆட்டம், பிறகு நிஜமாக நடக்கும் ஆட்டத்தைவிடப் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பயத்துக்கு இன்சூரன்ஸ் வாங்க எப்போதும் ஆள் உண்டு என்பதால். அந்த இன்சூரன்ஸைத் தொடர்ந்து விற்று, இடைவெளியைச் சம்பாதிப்பதுதான் எங்கள் சரக்குகளில் முக்கியமானது. எந்த நாள் விற்பது, எந்த விலையில் விற்பது, தினசரி அசைவை எப்படி ஈடுகட்டுவது என எல்லாவற்றுக்கும் விதி. பழைய டேட்டாவைச் சுத்தம் செய்து, இந்த விதி பத்து வருஷமாக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோடு வரைவது ஜூனியர் வேலை. இதற்கு பேக்டெஸ்ட் என்று பெயர்.

கோடு அழகாக வரும். சிக்கல் அங்கேதான்.

வேரியன்ஸ் ஸ்வாப் என்ற ஒப்பந்தத்தில் லாப நஷ்டம், வொலட்டிலிட்டியின் வர்க்கத்தில் கணக்காகும். 20க்கு விற்று, நிஜத்தில் 15 நடந்தால் லாபம் 400 கழித்தல் 225, அதாவது 175 பங்கு. அதுவே 60 நடந்தால் நஷ்டம் 3,600 கழித்தல் 400, அதாவது 3,200 பங்கு. பதினெட்டு தடவை சம்பாதித்தது ஒரே தடவையில் போய்விடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2018 பிப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் விக்ஸ் 17லிருந்து 37க்குத் தாவியது. வொலட்டிலிட்டி இறங்கினால் லாபம் தரும் கிரெடிட் சுவிஸின் 'எக்ஸ்ஐவி' பத்திரம் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்தது. மறுநாளே அதை மூடுவதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் வரை அதன் கோடும் அழகாகத்தான் இருந்தது.

அதனால் பேக்டெஸ்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது சின்ன விஷயமே இல்லை. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி சுமார் 13 சதவீதம் விழுந்தது. ஏப்ரலில் தொடங்கும் கோட்டில் அந்த நாள் இல்லை. விதி ஒன்றேதான், எண்களும் பொய்யில்லை. ஆனால் வாங்குபவர் பார்ப்பது வேறு சரக்கு. இந்தத் தேதியை முதலில் டைப் செய்வது பெரும்பாலும் ஜூனியர்தான். அந்த நாளை உள்ளே வைத்தே வரையணும் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

ஆட்டம் எங்கேயும் காணாமல் போவதில்லை, ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாறும், அவ்வளவுதான். நெசவாளிக்குப் பேசிய கூலி பேசியதுதான். வெள்ளி ஏறினால் கடைக்காரர் தாங்குவார் என்று தோன்றும். ஆனால் புடவை விலை ஏறி ஆர்டர் குறைந்தால், நிற்பது தறி.

நிதானமான வருமானம் என்று யாராவது உங்களிடம் ஒரு கோட்டைக் காட்டினால் மூணு கேள்வி கேளுங்கள். இது எந்தத் தேதியில் தொடங்குகிறது? ஆக மோசமான ஒரு நாளில் எவ்வளவு போகும்? அன்றைக்கு அந்த நஷ்டம் யார் தலையில்?