விலை கூடிய ஜீப் ஏன் ஒரு பக்கம் தாழ்கிறது?

கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசல் பக்கம் இரவு நிறுத்திவைத்த பழைய ரேஞ்ச் ரோவர், காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கலாம். டயரில் காற்று குறைந்திருக்காது. பழுது ஏர் சஸ்பென்ஷனில்.

இந்த அமைப்பில், சில்லுக்கு மேலே இரும்புச் சுருள் வில்லுக்குப் பதிலாக றப்பர் பை இருக்கும். கம்பிரசர் அதில் காற்றை அடைத்து வாகனத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. வருடக்கணக்கில் மடிந்து விரியும் றப்பர், மடிப்பில் வெடித்துக் கசியும். இழந்த காற்றை ஈடுகட்ட கம்பிரசர் ஓயாமல் ஓடிச் சூடேறி, கடைசியில் அதுவும் போய்விடும். எச்சரிக்கை விளக்கு எரிவது பெரும்பாலும் அப்போதுதான்! கம்பிரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். முதலில் சவர்க்கார நீரைத் தெளித்துப் பாருங்கள். குமிழி எழும் இடமே கசிவு.

கடற்காற்று இன்னொரு எதிரி. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். உயரத்தை அளக்கும் சென்சர்களின் இணைப்புகளில் பச்சை படியும்.

இதைத் திருத்தும் செலவு ஏன் இவ்வளவு அதிகம்? பழைய வாகனத்தின் விலை இறங்கினாலும் உதிரிப்பாகத்தின் விலை இறங்குவதில்லை. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டியபோது இறக்குமதிப் பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. சிலர் சாதாரணச் சுருள் வில்லுக்கே மாறிவிடுகிறார்கள். சொகுசு குறையும், ஆனால் கசிய ஒன்றுமிருக்காது.